மெதுவாக எழும் கணினி: ஒரு காத்திருப்பின் வரலாறு

கணினியை "பூட் செய்வது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலில் மாட்டும் பூட்ஸுக்கும் மேசை மேல் இருக்கும் பெட்டிக்கும் என்ன உறவு என்று யோசிப்பவர்கள் குறைவு. உறவு இருக்கிறது. பூட்ஸின் பின்பக்கத்தில், அதைப் பிடித்து இழுத்து மாட்டுவதற்காக ஒரு சின்ன வார் தைத்திருப்பார்கள். அந்த வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. நடக்காத காரியம்தான். ஆனால் கணினி ஒவ்வொரு நாளும் காலையில் செய்யவேண்டியது ஏறக்குறைய அதுவே. ஹார்ட் டிஸ்கில் இருக்கும் நிரலைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் ஹார்ட் டிஸ்கில்தான் கிடக்கிறது என்றால் முதலில் எதை எது படிப்பது?

இந்தப் புதிருக்குக் கணினி வரலாற்றில் பல விடைகள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் கொஞ்சம் நேரத்தைத் தின்றது. எந்த இடத்தில் தின்றது என்பது காலத்துக்குக் காலம் மாறியது. பழி போய் விழும் இடம் மட்டும் மாறவில்லை. "பெட்டி பழசாயிடுச்சு", "வைரஸ் ஏறிடுச்சு", "ரேம் பத்தாது", கடைசியில் "ஃபார்மட் அடிச்சிடலாம்". இந்த நாலு வசனங்களை நம்பி அழிக்கப்பட்ட குடும்பப் புகைப்படங்களுக்கும், வேளை வருவதற்கு முன்பே காயலான் கடைக்குப் போன பெட்டிகளுக்கும் கணக்கே கிடையாது. நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தவர்கள் ஒவ்வொரு காலத்திலும் சிலர் இருந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது பெரும்பாலும் ஊர் பேசியதற்கு நேர்மாறாக இருந்தது.

ஆரம்பத்தில் அளக்கவே தேவை இருக்கவில்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்தது. 1975 ஜனவரியில் "பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்" இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 என்ற கணினிக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சிறு சுவிட்சுகளும் விளக்குகளும் மட்டும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி இயக்க, முதலில் ஒரு குட்டி நிரலைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டிக் கையாலேயே உள்ளே ஏற்றவேண்டும். ஒரு சுவிட்ச் தவறினால் திரும்ப முதலிலிருந்து. அந்தக் குட்டி நிரல்தான் டெலிடைப் இயந்திரத்திலிருந்து ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்து, பேசிக் மொழியை நினைவகத்தில் ஏற்றும். டெலிடைப்பின் வேகம் விநாடிக்கு 10 எழுத்து. 4 கேபி பேசிக் என்றால் 4096 எழுத்து. வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 410 விநாடி, அதாவது 7 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பிறகுதான் கணினி "எழுந்தது" என்று சொல்லமுடியும்.

அந்தக் குட்டி நிரலைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. ஆல்டேருக்காக பேசிக் மொழியை எழுதியவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும் அவர்கள் நண்பர் மான்டி டேவிடோஃபும். அதை ஆல்டேரைத் தயாரித்த நிறுவனத்துக்கு இயக்கிக் காட்ட ஆலன் ஆல்புகர்க்கி நகரத்துக்கு விமானத்தில் கிளம்பினார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது: பேசிக் கையில் இருக்கிறது, அதை உள்ளே ஏற்றுவதற்கான நிரலை யாரும் எழுதவே இல்லை! விமானம் தரையிறங்குவதற்குள் காகிதத்தில் எழுதி முடித்தார். மறுநாள் அது ஓடியது. உலகத்தின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் தொடக்கத்திலேயே பூட் பிரச்சினை இருந்திருக்கிறது.

இந்தச் சுவிட்ச் தட்டும் வேலையை ஒழித்தது ரோம் எனப்படும் அழியா நினைவகச் சிப்பு. 1977ல் வந்த ஆப்பிள் 2, 1982ல் வந்த கமடோர் 64 போன்றவற்றில் பேசிக் மொழி முழுவதும் சிப்பிலேயே பதிந்திருந்தது. பொத்தானைப் போட்டால் ஓரிரு விநாடிகளில் திரையில் கர்சர் கண்சிமிட்டும். வேகம் என்று பார்த்தால் அது ஒரு பொற்காலம். ஆனால் சிப்பில் பதிந்ததைப் பயனர் மாற்றமுடியாது. புது இயங்குதளம், புதுத் திருத்தம், புது வசதி எல்லாம் வேண்டுமானால் அவை மாற்றி எழுதக்கூடிய ஒரு வட்டில் இருந்தாகவேண்டும். வட்டிலிருந்து படிப்பது மெதுவான வேலை. அடுத்த 30 வருடக் காத்திருப்புக்கு விதை இங்கேதான் விழுந்தது. கேட்ட வசதிக்கு உலகம் கொடுத்த விலை அது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதில் பயாஸ் என்ற நிரல் சிப்பில், இயங்குதளம் வட்டில். மின்சாரம் வந்ததும் பயாஸ் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். அதில் அதிக நேரம் பிடித்தது நினைவகச் சோதனை. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் செயலி, நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, சரிபார்த்துக்கொண்டே போகும். நினைவகத்தை அதிகமாக்க அதிகமாக்கக் காத்திருப்பும் நீண்டது. ஆசையாகக் காசு போட்டு நினைவகம் வாங்கிப் பொருத்தியவருக்குக் கிடைத்த முதல் பரிசு, மெதுவாக எழும் கணினி!

இந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்ததுதான் உலகப் புகழ் பெற்ற கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். பிசியை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அதை எழுதினார். சோதனை நிரல்கள் அடிக்கடி உறைந்துபோகும். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மொத்தச் சோதனையும் முதலிலிருந்து நடக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத் தன் குழுவினருக்காகவே அவர் செய்த குறுக்குவழி அது. செயல்முறையும் எளிமையானது. மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், பயாஸ் நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 1234 என்ற பதினாறடிமான எண்ணை எழுதிவிட்டுத் தொடக்கத்துக்குத் தாவும். தொடக்க நிரல் அந்த எண்ணைப் பார்த்ததும் "இது புதிதாக எழுந்த கணினி இல்லை, ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது" என்று புரிந்துகொண்டு நினைவகச் சோதனையைத் தாண்டிவிடும். 2001ல் பிசியின் 20வது ஆண்டு விழா மேடையில் பில் கேட்ஸை அருகில் வைத்துக்கொண்டே, அதைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், பிரபலமாக்கியது பில்தான் என்று பிராட்லி சொன்னபோது அரங்கம் சிரித்தது. கேட்ஸ் சிரித்த மாதிரி தெரியவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் நடந்தது இன்னொரு விதமான கதை. மேகின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். 1983 ஆகஸ்டு. ஸ்டீவ் ஜாப்ஸ், வட்டு இயக்கியையும் கோப்பு அமைப்பையும் எழுதிக்கொண்டிருந்த லேரி கென்யனின் இடத்துக்கு வந்தார். மேக் எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுக்கிறது, குறைக்கவேண்டும் என்றார். ஏற்கெனவே செய்த முயற்சிகளைக் கென்யன் விளக்கினார். ஜாப்ஸ் காது கொடுக்கவில்லை. அவர் போட்ட கணக்கு இது: 50 லட்சம் பேர் மேக் வாங்குவார்கள், ஒவ்வொருவரும் தினமும் ஒருமுறையாவது இயக்குவார்கள். 10 விநாடி குறைத்தால் தினமும் 5 கோடி விநாடி மிச்சம். வருடம் முழுக்கக் கூட்டினால் டஜன் கணக்கில் மனித ஆயுள்கள். பத்து விநாடிக்காகப் பத்துப் பன்னிரண்டு உயிர்களைக் காப்பாற்றலாமே என்றாராம்.

கணக்கைச் சரிபார்த்தால் ஜாப்ஸ் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கிறார். 5 கோடியை 365ஆல் பெருக்கினால் 1825 கோடி விநாடி. அது சுமார் 580 வருடம். 75 வயது ஆயுள் என்று வைத்தால் எட்டு உயிருக்குக் கொஞ்சம் குறைவு. போகட்டும். கணக்கு எப்படி இருந்தாலும் அடுத்த சில மாதங்களில் 10 விநாடிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். காத்திருப்பை ஒரு ஆளின் எரிச்சலாகப் பார்க்காமல், எல்லோரிடமிருந்தும் பிடுங்கப்படும் மொத்த நேரமாகப் பார்த்ததுதான் இதில் கவனிக்கவேண்டியது. அந்தப் பார்வை மட்டும் மற்ற மென்பொருள் நிறுவனங்களுக்கும் இருந்திருந்தால் பின்னால் வரப்போகும் பாதிக் கதை நடந்தே இருக்காது.

டாஸ் காலத்துக்கு வருவோம். டாஸ் எழும்போது இரண்டு கோப்புகளைப் படிக்கும்: கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட். எந்தெந்த இயக்கிகள், எந்தெந்த நிரல்கள் தொடக்கத்திலேயே ஏறவேண்டும் என்ற பட்டியல் அவற்றில் வரி வரியாக இருக்கும். மவுஸுக்கு ஒரு வரி, சிடி டிரைவுக்கு ஒரு வரி, சவுண்ட் கார்டுக்கு ஒரு வரி. கணினி மெதுவாக எழுந்தால் செய்யவேண்டியது எளிது. சந்தேகப்படும் வரிக்கு முன்னால் "ரெம்" என்று எழுதினால் அந்த வரி செயலிழக்கும். மறுபடி பூட் செய்து பார்க்கலாம். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வரியாகப் போகமாட்டார்கள். பாதி வரிகளை நிறுத்துவார்கள். பிரச்சினை போய்விட்டதா, குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறான். போகவில்லையா, மற்றப் பாதியில். 16 வரி இருந்தால் நாலே முறையில் ஆளைப் பிடித்துவிடலாம்.

1993ல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 இந்த வேலையை இன்னும் சுலபமாக்கியது. எழும்போது எஃப்5 அழுத்தினால் இரண்டு கோப்புகளையும் தாண்டிவிடும். எஃப்8 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸின் ஒவ்வொரு வரிக்கும் "இதைச் செய்யட்டுமா?" என்று கேட்கும். அந்த விசையை அழுத்தப் பயனருக்கு அவகாசம் வேண்டுமே? அதற்காக டாஸ் தொடக்கச் செய்தியைக் காட்டிவிட்டு இரண்டு விநாடி சும்மா நிற்கும். அந்த இரண்டு விநாடி கூடப் பொறுக்காதவர்கள் "சுவிட்சஸ்=/எஃப்" என்ற வரியைச் சேர்த்து அதையும் ஒழித்தார்கள். பழுது பார்ப்பதற்கான வழியும் வேகமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டது இங்கேதான் தொடங்கியது. இந்த இரண்டு விநாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டாஸின் பெரிய நன்மை, பட்டியல் முழுவதும் ஒரே திரையில் தெரிந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்ததும் அந்தப் பட்டியல் சிதறிப்போனது. ஸ்டார்ட் மெனுவில் "ஸ்டார்ட்அப்" என்ற கோப்புறை ஒன்று. ரெஜிஸ்ட்ரிக்குள் "ரன்" என்ற பெயரில் சில இடங்கள். பழைய விண்.ஐஎன்ஐ கோப்பில் இரண்டு வரிகள். அவற்றோடு பழைய ஆட்டோஎக்ஸெக்.பேட்டும் உயிரோடுதான் இருந்தது. எந்த நிரல் எந்த இடத்தில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது என்று சாதாரணப் பயனரால் கண்டுபிடிக்கவே முடியாது. விண்டோஸ் 98ல்தான் "எம்எஸ்கான்ஃபிக்" என்ற கருவி வந்து, சிதறிய பட்டியலை ஒரே இடத்தில் டிக் அடிக்கும் பெட்டிகளோடு காட்டியது. அதன் பிறகு வந்த விண்டோஸ் 2000ல் அது இல்லை! ஏன் என்று கேட்காதீர்கள். எக்ஸ்பியில் திரும்ப வந்தது.

இப்படி இடம் கிடைத்ததும் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்கவேண்டும். ஆபீஸ் 97 தன் பங்குக்கு ஒரு தொடக்க நிரலைப் போட்டது. குயிக்டைம் ஒன்று. ரியல்பிளேயர் ஒன்று. அடோபி ரீடர் 7 "ஸ்பீட் லாஞ்ச்" என்ற பெயரிலேயே ஒன்று. பிரிண்டர் வாங்கினால் அதனோடு ஒன்று. இவர்களின் தர்க்கம் எளிது. தங்கள் நிரலின் ஒரு பகுதியை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைத்தால், பயனர் அதைத் திறக்கும்போது சட்டென்று திறக்கும். "ஆஹா, என்ன வேகம்" என்று பாராட்டு கிடைக்கும். அந்த வேகத்துக்கான நேரம் கணினி எழும்போது கழிக்கப்பட்டுவிட்டது, அதற்கான திட்டு விண்டோஸுக்கோ பெட்டிக்கோ போய்விடும். தெருவில் எல்லா வீட்டுக்காரரும் வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. தனித்தனியாகக் கேட்டால், "என் வண்டி ஒன்றுதானே" என்பார்கள்.

2001 அக்டோபர் 25ல் விண்டோஸ் எக்ஸ்பி வெளியானபோது மைக்ரோசாஃப்ட் ஒரு இலக்கு வைத்திருந்தது: புதுக் கணினி 30 விநாடியில் பயன்படுத்தும் நிலைக்கு வரவேண்டும். அதற்காக அவர்கள் அளந்து பார்த்தபோது தெரியவந்த விஷயம் முக்கியமானது. நேரத்தைத் தின்றது செயலியும் இல்லை, ரேமும் இல்லை. ஹார்ட் டிஸ்கின் தலை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது விளங்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும். தேவையான தகவல் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லிவிநாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 9 மில்லிவிநாடி போல. ஆக ஒரு துண்டைத் தேடிப் பிடிக்க 13 மில்லிவிநாடி. விநாடிக்கு 77 துண்டு கூடத் தாண்டாது. விண்டோஸ் எழும்போது நூற்றுக்கணக்கான கோப்புகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கிறது. 4000 துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டால் தேடுவதற்கு மட்டுமே 52 விநாடி. அதே 4000 துண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தால் ஒருசில விநாடிகளில் முடிந்துவிடும். செயலி எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஆனாலும் இந்தத் தலை நகரும் வேகம் பெரிதாக மாறவில்லை. புதுச் செயலி வாங்கியவர் ஏமாந்ததன் காரணம் இதுதான்.

எக்ஸ்பி இதற்குச் செய்த வைத்தியத்தின் பெயர் பிரீஃபெட்ச். ஒவ்வொரு முறை எழும்போதும், அதிகபட்சம் முதல் இரண்டு நிமிடத்துக்கு, எந்தக் கோப்பின் எந்தப் பகுதி தேவைப்பட்டது என்று குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்து எல்லாவற்றையும் முன்கூட்டியே, வரிசையாகப் படித்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை, கணினி சும்மா இருக்கும் நேரத்தில், அந்தக் கோப்புகளை டிஸ்கில் பக்கம் பக்கமாக நகர்த்தியும் வைக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு வதந்தி கிளம்பியது: "பிரீஃபெட்ச் கோப்புறையில் குப்பை சேர்கிறது, அதை அழித்தால் கணினி வேகமாக எழும்." இணையம் முழுக்க, பத்திரிகைக் குறிப்புகளில், துப்புரவு மென்பொருள்களில் இந்த யோசனை பரவியது. அழித்தவர்களின் கணினி அடுத்த முறை இன்னும் மெதுவாக எழுந்தது. எழாமல் என்ன செய்யும், குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டாயிற்றே! மெதுவானதைப் பார்த்துவிட்டு, "இன்னும் குப்பை இருக்கிறது போல" என்று மறுபடியும் அழித்தவர்களும் உண்டு.

பூட்விஸ் என்ற கருவியின் கதி இன்னும் வேடிக்கை. பூட் நேரம் எங்கே போகிறது என்று வரைபடமாகக் காட்ட, கணினி தயாரிப்பாளர்களுக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அளவுகோல் அது. மக்கள் அதை மருந்து என்று எடுத்துக்கொண்டு தினமும் ஓட்டினார்கள். இது வேகப்படுத்தும் கருவி அல்ல என்று மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தில் தெளிவாக எழுதியும் பயனில்லை. கடைசியில் தரவிறக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை மாத்திரை மாதிரி விழுங்கினால் கடைக்காரர் வேறு என்னதான் செய்வார்?

எக்ஸ்பி காலத்தில் இன்னொரு நோய் இருந்தது. எத்தனையோ பெட்டிகள் இதனால் அநியாயமாக "பழசு" பட்டம் வாங்கின. அதை விரிவாகவே சொல்லவேண்டும். டிஸ்கிலிருந்து நினைவகத்துக்குத் தகவல் போக இரண்டு வழி உண்டு. டிஎம்ஏ என்ற வழியில் செயலியைத் தொந்தரவு செய்யாமல் நேராகப் போகும். பிஐஓ என்ற பழைய வழியில் ஒவ்வொரு சொல்லையும் செயலியே கையால் தூக்கிப் போடவேண்டும். முதல் வழியில் அன்றைய டிஸ்குகளின் இணைப்பு விநாடிக்கு 100 எம்பி வரை தாங்கும். இரண்டாவதில் அதிகபட்சமே 16.6 எம்பி, அதுவும் செயலியின் முழு உழைப்போடு. எக்ஸ்பி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்தது. தகவல் பரிமாற்றத்தில் மொத்தமாக ஆறு பிழைகள் ஏற்பட்டால் வேகத்தை ஒரு படி குறைக்கும். பிழைகள் தொடர்ந்தால் இன்னும் ஒரு படி. கடைசியில் பிஐஓவில் போய் நிற்கும். இறங்கத் தெரிந்த அதற்குத் தானாக ஏறத் தெரியாது. லூசான கேபிளோ, டிஸ்கில் ஒரு கெட்ட இடமோ, எப்போதோ ஒருநாள் செய்த கோளாறுக்காகக் கணினி அதன் பிறகு எல்லா நாளும் தவழ்ந்துகொண்டிருக்கும்.

இதில் கொடுமை, பயனர் என்ன செய்தாலும் அறிகுறி போகாது. வைரஸ் தேடினால் வைரஸ் இல்லை. தொடக்கப் பட்டியலைக் காலி செய்தாலும் கொஞ்சம்தான் முன்னேறும். ரேம் கூட்டினாலும் அப்படியே. ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும், ஏனென்றால் பிழைக் கணக்கும் அழிந்துவிடுகிறது. "பார்த்தாயா, ஃபார்மட்தான் சரி" என்று ஊர் முடிவு செய்துவிடும். கேபிள் மாறவில்லை என்றால் சில வாரத்தில் மறுபடி அதே கதை. உண்மையான வைத்தியம் ஐந்து நிமிட வேலை: டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலின் பண்புகளைத் திறந்து, நடப்பு முறை பிஐஓ என்று இருக்கிறதா எனப் பார்ப்பது, இருந்தால் அந்தச் சேனலை நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்வது. விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து முழு வேகத்தில் தொடங்கும். பிறகு கேபிளை மாற்றவேண்டும். டிஸ்க் சாகத் தொடங்கியிருந்தால் புகைப்படங்களை உடனே வேறு இடத்தில் எடுத்துவைக்கவேண்டும். மெதுவாக எழுவது சில சமயம் டிஸ்க் கொடுக்கும் முதல் எச்சரிக்கை. ஃபார்மட் அடித்தவர்கள் அந்த எச்சரிக்கையைத்தான் அழித்தார்கள்.

ரேம் பத்தாது என்ற வசனத்துக்கும் நியாயம் செய்துவிடுவோம். சில நேரம் அது உண்மையே. எக்ஸ்பிக்குப் பரிந்துரைக்கப்பட்ட நினைவகம் 128 எம்பி. அதற்கு மேல் ஒரு ஆண்டிவைரஸையும் நாலைந்து தொடக்க நிரல்களையும் ஏற்றினால், இடம் போதாமல் விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்குக்கும் டிஸ்கில் இருப்பதை நினைவகத்துக்கும் மாற்றி மாற்றித் தூக்கும். அப்போதும் நேரம் போவது அதே டிஸ்க் தலையில்தான்.

சிதறிய பட்டியலை முழுவதும் தோண்டி எடுத்தவர்கள் மைக்ரோசாஃப்டுக்கு வெளியிலிருந்துதான் வந்தார்கள். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் இலவசமாகக் கொடுத்த ஆட்டோரன்ஸ் என்ற கருவி, எம்எஸ்கான்ஃபிக் காட்டாத இடங்களையும் காட்டியது. 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவர்கள் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. ருசினோவிச் பின்னாளில் அங்கே உயர்ந்த பொறுப்புகளுக்குப் போனார். ஆட்டோரன்ஸ் இலவசமாகவே தொடர்ந்தது.

லினக்ஸ் பக்கம் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 2004 நவம்பரில் ரெட்ஹேட்டைச் சேர்ந்த ஓவன் டெய்லர், ஃபெடோரா மடலாடற்குழுவில் ஒரு சவால் விட்டார்: பூட் நேரம் எங்கே போகிறது என்று ஒரே படத்தில் காட்டும் சுவரொட்டியை யாராவது செய்யமுடியுமா? ஜிகா மஹ்கோவெட்ஸ் என்ற இளைஞர் பூட்சார்ட் என்ற நிரலை எழுதி அதைச் செய்துகாட்டினார். ஒவ்வொரு நிரலும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, செயலி எப்போது சும்மா இருந்தது, டிஸ்க் எப்போது திணறியது எல்லாம் ஒரே படத்தில். அதுவரை ஊகமாகப் பேசியவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

நாலு வருடம் கழித்து, 2008 செப்டம்பரில் போர்ட்லாந்து நகரில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், இன்டெல்லின் அர்ஜன் வான் டி வென், ஆக் காக் இருவரும் ஒரு சின்ன ஈபிசி மடிக்கணினியை ஐந்தே விநாடியில் எழுப்பிக் காட்டினார்கள். அவர்கள் வழி வித்தியாசமானது. இருப்பதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்காமல், மொத்தம் ஐந்து விநாடி என்று முதலிலேயே முடிவு செய்து, கருநிரலுக்கு இவ்வளவு, திரைக்கு இவ்வளவு, மேசைத்தளத்துக்கு இவ்வளவு என்று வீட்டு பட்ஜெட் மாதிரி பங்கு போட்டார்கள். வழக்கமான ஃபெடோரா, தபால் அனுப்பும் சர்வரான சென்ட்மெயிலைத் தொடங்க இரண்டு விநாடி செலவிடுவதைப் படம் காட்டிக்கொடுத்தது. யாரோ ஒருவருக்குத் தபால் சர்வர் வேண்டும் என்பதற்காக எல்லோரும் தினமும் இரண்டு விநாடி கட்டுகிறார்கள். ஜாப்ஸின் கணக்கு வேறு உருவத்தில் திரும்ப வந்துவிட்டது. 2010 ஏப்ரலில் லெனார்ட் போட்டரிங் அறிவித்த சிஸ்டம்டி இதற்கு ஒரு தீர்வு வைத்தது. ஆப்பிளின் லாஞ்ச்டியிடம் கற்ற யோசனை அது: கடை திறக்கும் முன்பே வாசலில் மணியைக் கட்டிவிடுவது, யாராவது மணி அடித்தால் அப்போது கடையைத் திறப்பது. சிஸ்டம்டியோடு வந்த அளக்கும் கட்டளைகளில் ஒன்றின் பெயர் "பிளேம்". பழி என்று பொருள். எந்தச் சேவை எத்தனை விநாடி தின்றது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும்.

விண்டோஸ் விஸ்டாவும் 7ம் சேவைகளைத் தாமதமாகத் தொடங்குவது, தேவைப்படும்போது மட்டும் தொடங்குவது என்று இதே வழியில் நகர்ந்தன. விஸ்டா முதல் ஒவ்வொரு பூட்டும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்று ஈவென்ட் வியூவரில், 100 என்ற எண்ணுள்ள நிகழ்வாகப் பதிவாகத் தொடங்கியது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

இந்த மென்பொருள் உழைப்பையெல்லாம் ஒரே அடியில் தூக்கிச் சாப்பிட்டது எஸ்எஸ்டி. 2008 செப்டம்பரில் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தபோது 80 ஜிபிக்கு விலை 595 டாலர். நகரும் தலை இல்லை, சுற்றும் தட்டு இல்லை. 13 மில்லிவிநாடி தேடல் 0.1 மில்லிவிநாடியாகச் சுருங்கியது. விலை இறங்க இறங்க, "பழசு" என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பெட்டிகள் ஒரு எஸ்எஸ்டி மாற்றியதும் மறுபிறவி எடுத்தன. பெட்டி பழசாகவில்லை, அதன் டிஸ்க் மட்டும்தான் காலத்துக்குப் பின்தங்கியிருந்தது என்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

2012 அக்டோபர் 26ல் வந்த விண்டோஸ் 8 எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் 7 விநாடிக்குள் எழுந்தது. டாஸின் அந்த இரண்டு விநாடி ஞாபகம் இருக்கிறதா? விண்டோஸ் 8ல் எஃப்2, எஃப்8 போன்ற விசைகளை அழுத்தக் கிடைத்த அவகாசம் 200 மில்லிவிநாடிக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே எழுதினார்கள். மனித விரலால் முடியாத காரியம். பழுது பார்க்கும் மெனுவுக்குப் போக விண்டோஸுக்குள்ளேயே தனி வழி வைக்கவேண்டியதாயிற்று. அந்த வேகத்துக்குப் பின்னால் இன்னொரு தந்திரமும் இருந்தது. "ஷட் டவுன்" கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பயனரை மட்டும் வெளியேற்றிவிட்டுக் கருநிரலின் நிலையை வட்டில் எழுதிவைத்துத் தூங்கும். காலையில் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும். இதனால் 30 வருடமாகப் பலித்துவந்த "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" மந்திரம் பலிக்காமல் போனது. முழுதாகப் புதிதாக எழவேண்டுமானால் "ரீஸ்டார்ட்" கொடுக்கவேண்டும். இது தெரியாமல் தினமும் அணைத்துப் போட்டும் அதே கோளாறோடு மாரடித்தவர்கள் ஏராளம்.

அதே விண்டோஸ் 8ல் டாஸ்க் மேனேஜருக்குள் "ஸ்டார்ட்அப்" என்ற தாவல் வந்தது. ஒவ்வொரு நிரலும் தொடக்கத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று அதிகம், நடுத்தரம், குறைவு என மதிப்பெண் போட்டுக் காட்டும். ஒரு விநாடிக்கு மேல் செயலி நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தால் "அதிகம்". வாசலில் வண்டி நிறுத்தியவர்களின் பெயர்ப் பலகை கடைசியில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்துக்கு வந்து சேர 17 வருடம் ஆகியிருக்கிறது.

காத்திருப்பு அதோடு ஒழிந்ததா என்றால், இல்லை. வேறு இடத்துக்குக் குடிபோனது. 2022 செப்டம்பரில் ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 நினைவகத்தோடு விற்பனைக்கு வந்தன. அந்த வேகத்தில் நினைவகத்தோடு பேச, ஒவ்வொரு சமிக்ஞைக்கும் சரியான நேரக் கணக்கை மதர்போர்டு முதல் முறை தானே சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்கவேண்டும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் வேலை மறுபடி முதலிலிருந்து. கண்டுபிடித்ததைச் சேமித்துவைத்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும் "மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்" என்ற வசதி பயாஸில் உண்டு. 1981ல் பிராட்லி 1234 என்று எழுதிவைத்த குறிப்புக்கு அது பேரன் முறை. அஸ்ராக் நிறுவனம் தன் போர்டுகளின் நினைவகச் செருகியின் மேல் ஒரு ஸ்டிக்கரே ஒட்டி அனுப்பியது. முதல் பூட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற அட்டவணை அதில் அச்சாகியிருந்தது. நான்கு 32 ஜிபி பொருத்தினால் 400 விநாடி வரை. 1975ல் ஆல்டேருக்குக் காகித நாடாவிலிருந்து 4 கேபி ஏற்ற ஆன நேரத்தைவிடப் பத்தே விநாடி குறைவு.